பத்திரம் யார் பெயரில்? ரிச்சர்ட் ஆலனும் அமெரிக்கத் திருச்சபையும்

1760 பிப்ரவரி 14 அன்று ரிச்சர்ட் ஆலன் பிறந்தபோது அவர் ஒரு வழக்கறிஞரின் உடைமை. பெஞ்சமின் சூ என்ற அந்த வழக்கறிஞர் பின்னாளில் பென்சில்வேனியா மாகாணத்தின் தலைமை நீதிபதியானார். ஆலனின் பெற்றோரும் உடன்பிறந்தாரும் அவருடைய சொத்துக் கணக்கில் இருந்தவர்கள். ஐம்பத்தாறு ஆண்டுகள் கழித்து அதே மாநிலத்தின் உச்ச நீதிமன்றத்தில், தாம் கட்டிய ஆலயத்தின் பிரசங்க மேடையைக் காக்கும் வழக்கில் ஆலனின் சபை வென்றது. இவ்விரு நிகழ்வுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் அமெரிக்கா என்ற நாடும் அதன் புராட்டஸ்டன்ட் இறையியலும் உருவாகின. அந்த இறையியலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பிரசங்கங்களையும் கல்லூரிகளையும் பின்தொடர்வர். ஆலனைப் பின்தொடர்ந்தால் சாசனங்களும் ஏலமும் நீதிப்பேராணையும் எதிர்ப்படுகின்றன. சட்டம் படித்தவள் என்பதால் எனக்கு அந்த வழியே பிடித்திருக்கிறது.

ஆலன் சிறுவனாக இருந்தபோதே அவருடைய குடும்பம் டெலவேரில் ஸ்டோக்லி ஸ்டர்ஜிஸ் என்ற பண்ணையாரிடம் விற்கப்பட்டது. ஸ்டர்ஜிஸ் இரக்கமுள்ள ஆண்டை என்றே ஆலன் பின்னர் பதிவு செய்தார். அந்த இரக்கமுள்ள ஆண்டைக்குக் கடன் நெருக்கியபோது ஆலனின் தாயும் உடன்பிறந்தார் மூவரும் விற்கப்பட்டனர். நல்ல ஆண்டை, கெட்ட ஆண்டை என்ற பாகுபாட்டின் பெறுமதி இவ்வளவுதான்.

பதினேழு வயதில் ஆலன் மெதடிஸ்ட் ஆனார். நியூ இங்கிலாந்தின் பழைய சபைகளில் அப்போது கால்வினியம் கோலோச்சியது. மீட்புக்குரியோரைக் கடவுள் முன்னரே தெரிந்தெடுத்துவிட்டார் என்பது அதன் அடிப்படை. மெதடிஸ்ட் பிரசங்கிகளோ கிருபை எல்லோருக்கும் உரியது, ஏற்பதும் மறுப்பதும் அவரவர் கையில் என்றனர். களஞ்சியங்களிலும் மரத்தடிகளிலும் எளிய மொழியில் இதைச் சொன்னார்கள். இங்கு அவசரமான முடிவுக்கு வந்துவிடக் கூடாது. லெமுவேல் ஹெய்ன்ஸ் என்ற கறுப்பினப் போதகர் கால்வினியத்தில் ஊன்றி நின்றே அடிமைமுறையைக் கண்டித்து எழுதினார். வெர்மான்ட்டில் வெள்ளையர் சபை ஒன்றுக்கு முப்பது ஆண்டுகள் போதகராகவும் இருந்தார். எந்தக் கோட்பாடும் தானாக விடுதலை தந்துவிடுவதில்லை. ஆயினும் பதினேழு வயது அடிமைக்கு, தன் மீட்பு பிறப்பால் முடிவாகிவிடவில்லை என்ற செய்தி எப்படி ஒலித்திருக்கும் என்பதை ஊகிப்பது நமக்குக் கடினமன்று.

ஆலனும் அவருடைய அண்ணனும் முன்னிலும் கடுமையாக உழைத்தனர். மதம் அடிமைகளைச் சோம்பேறிகளாக்குகிறது என்று அண்டை வீட்டார் பழிப்பதைப் பொய்யாக்குவது அவர்கள் நோக்கம். பின்னர் ஸ்டர்ஜிஸின் வீட்டிலேயே மெதடிஸ்ட் கூட்டங்கள் நடந்தன. ஃப்ரீபார்ன் கேரட்சன் என்ற பிரசங்கி, தராசில் நிறுக்கப்பட்டுக் குறைவாகக் காணப்பட்ட பாபிலோனிய அரசனைப் பற்றிப் பேசி, அடிமைகளை வைத்திருப்போரை அந்தத் தராசில் ஏற்றினார். ஸ்டர்ஜிஸின் மனம் மாறியது. ஆனாலும் அடிமைகளை அவர் சும்மா விட்டுவிடவில்லை. அவர்களே தம்மை விலைகொடுத்து வாங்கிக்கொள்ள இசைந்தார். பொன் வெள்ளி நாணயமாக அறுபது பவுண்டு, அல்லது போர்க்காலக் காகிதப் பணமாக இரண்டாயிரம் டாலர். ஆலன் விறகு வெட்டினார், செங்கல் சூளையில் உழைத்தார், விடுதலைப் போரின்போது உப்பு வண்டி ஓட்டினார். வண்டி நிறுத்திய இடங்களிலெல்லாம் பிரசங்கித்தார். 1783க்குள் தன் விலையைக் கட்டித் தீர்த்தார்.

1784 கிறிஸ்துமஸ் காலத்தில் பால்டிமோரில் கூடிய மாநாடு மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபையை நிறுவியது. உறுப்பினர்கள் தம் அடிமைகளை விடுவித்தாக வேண்டும் என்று அம்மாநாடு விதியும் இயற்றியது. தெற்கு மாநிலங்களில் எதிர்ப்பு எழ, ஆறே மாதங்களில் அவ்விதி நிறுத்திவைக்கப்பட்டது. சபையின் தலைவர் ஃபிரான்சிஸ் ஆஸ்பரி, தம்முடன் தெற்கே பயணம் செய்ய ஆலனை அழைத்தார். அங்குள்ள அடிமைகளோடு கலந்து பழகக் கூடாது, சில இரவுகளில் வண்டியிலேயே உறங்க நேரிடும் என்பன நிபந்தனைகள். ஆலன் மறுத்துவிட்டார்.

1786இல் அவர் ஃபிலடெல்ஃபியாவின் செயின்ட் ஜார்ஜ் ஆலயத்துக்கு வந்தார். கறுப்பினத்தவருக்குப் பிரசங்கிக்க அவருக்கு அளிக்கப்பட்ட நேரம் விடியற்காலை ஐந்து மணி. அவருடைய முயற்சியால் கூட்டம் பெருகியது; பெருகப் பெருக அவர்களின் இருக்கை சுவரோரமாக ஒதுங்கியது. ஆலயத்தில் புதிய மேல்மாடம் எழுந்தபோது அதற்கு அவர்களும் பணமும் உழைப்பும் தந்தனர். ஒரு ஞாயிறன்று ஜெபம் தொடங்கிவிட்டது. முழந்தாளிட்டிருந்த அப்சலம் ஜோன்ஸை ஓர் அறங்காவலர் பற்றித் தூக்கினார். ஜெபம் முடியும்வரை பொறுக்கும்படி ஜோன்ஸ் கேட்டும் அவர் விடவில்லை. ஜெபம் முடிந்ததும் கறுப்பினத்தவர் அனைவரும் ஒன்றாக எழுந்து வெளியேறினர். இது 1787இல் நிகழ்ந்ததாக ஆலன் நினைவுகூர்ந்தார். மேல்மாடம் கட்டப்பட்ட காலத்தைக் கொண்டு 1792 என்று கணிக்கும் ஆய்வாளர்களும் உண்டு.

நம் ஊர் ஆலயங்களின் தனி இருக்கைகளை இங்கே நினைக்காதிருக்க முடியவில்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், தென்னிந்திய ஆங்கிலிக்கன் சபைகளில் சாதி வேறுபாடு ஒழிய வேண்டும் என்று ஆணையிட்டார். அப்போது தஞ்சாவூரில் வெள்ளாளக் கிறித்தவர் பலர் சபையை விட்டு வெளியேறினர். ஃபிலடெல்ஃபியாவில் வெளியேறியவர்கள் சமத்துவம் கேட்டவர்கள். தஞ்சையில் வெளியேறியவர்கள் அதைச் சகிக்காதவர்கள்.

1793இல் ஃபிலடெல்ஃபியாவை மஞ்சள் காய்ச்சல் தாக்கியது. ஏறத்தாழ ஐயாயிரம் பேர் மாண்டனர். கறுப்பினத்தவரை அந்நோய் அண்டாது என்று மருத்துவர் பெஞ்சமின் ரஷ் தவறாக நம்பினார். அவர் வேண்டியபடி ஆலனும் ஜோன்ஸும் ஆட்களைத் திரட்டி நோயாளிகளைப் பேணினர், பிணங்களைப் புதைத்தனர். நூற்றுக்கணக்கான கறுப்பினத்தவரும் இறந்தனர். ஆலனும் நோயுற்றுப் பிழைத்தார். நோய் தணிந்தபின் மேத்யூ கேரி என்ற பதிப்பாளர், கறுப்பினச் செவிலியர் கொள்ளைக் கூலி வாங்கினர், திருடினர் என்று எழுதினார். ஆலனும் ஜோன்ஸும் 1794இல் துண்டுநூல் ஒன்றால் பதிலளித்தனர். வரவு எவ்வளவு, சவப்பெட்டிக்கும் ஆள்கூலிக்கும் சென்றது எவ்வளவு என்று கணக்குக் காட்டி, தமக்கு இழப்பே மிஞ்சியதை நிறுவினர். பிணம் தூக்கும் வேலையைத் தலையில் கட்டிவிட்டு, தூக்கியவனையே இழிவுபடுத்தும் வழக்கத்தை நாம் அறிவோம். அதற்குக் கணக்கேட்டால் பதில் சொன்னதுதான் இங்கே கவனிக்கத்தக்கது.

வெளியேறியவர்களில் பெரும்பான்மையோர் ஜோன்ஸின் தலைமையில் எபிஸ்கோபல் சபையில் சேர்ந்தனர். ஆலன் மெதடிஸ்டாகவே நின்றார். அவமதித்த சபையின் பெயரை ஏன் விடவில்லை? நடந்த தவறு வெள்ளை மெதடிஸ்டுகளுடையது, கோட்பாட்டினுடையதன்று என்பதே அவர் நிலைப்பாடு. எளிய மக்களுக்கு விளங்கும் எளிய பிரசங்கமே அவர்களை உயர்த்தும் என்றும் கருதினார். பழைய கொல்லன் பட்டறை ஒன்றை வாங்கி, குதிரைகளைப் பூட்டி ஆறாம் தெருவிலிருந்த தம் மனைக்கு இழுத்துவந்தார். 1794 ஜூலையில் ஆஸ்பரி அதைப் பெத்தேல் ஆலயமாகத் திறந்துவைத்தார்.

உண்மையான போராட்டம் அதன்பின்னரே தொடங்கியது. 1796இல் பெத்தேலைச் சட்டப்படி பதிவு செய்யச் சாசனம் தேவைப்பட்டது. எசெக்கியேல் கூப்பர் என்ற வெள்ளைப் போதகர் அதைத் தாமே எழுதித் தருவதாக முன்வந்தார். செலவு மிச்சம் என்று இவர்களும் ஒப்பினர். பத்து ஆண்டுகளுக்குள் புதிய மூப்பர் ஒருவர் வந்து சாவியையும் ஏடுகளையும் கேட்டார். அப்போதுதான் சாசனத்தின் பொருள் வெளிப்பட்டது: ஆலயம் வெள்ளையர் மாநாட்டின் கட்டுப்பாட்டில் இருந்தது. எழுதித் தருகிறேன் என்பவரின் தயவை எப்போதும் இருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

ஆலன் வழக்கறிஞரை நாடினார். உறுப்பினர்களில் மூன்றில் இரு பங்கினர் ஒப்பினால் சாசனத்தைத் திருத்தலாம் என்று அறிந்து, 1807இல் திருத்தத்தைப் பதிவு செய்தார். சொத்தும் பிரசங்க மேடையும் சபையார் கைக்கு வந்தன. வெள்ளை மூப்பர்கள் சும்மா இருக்கவில்லை. வந்து பிரசங்கிக்க ஆண்டுக்கு 600 டாலர் கேட்டனர். பின்னர் 1815இல் ஆலயமே ஏலத்துக்கு வந்தது. தாம் வாங்கிய மனையில் தாம் கட்டிய ஆலயத்தை ஆலன் பத்தாயிரம் டாலருக்கும் மேல் கொடுத்து ஏலத்தில் மீட்டார். அடுத்து ஒரு மூப்பர் ஞாயிறு வழிபாட்டின்போது மேடையேற முயன்றார். சபையார் நடைவழியை அடைத்து நின்றனர். அவர் செயலுறுத்தும் நீதிப்பேராணை கோரி மாநில உச்ச நீதிமன்றம் சென்றார். 1816 ஜனவரியில் நீதிமன்றம் பேராணை வழங்க மறுத்தது. அவ்வாண்டு ஏப்ரலில் ஃபிலடெல்ஃபியா, பால்டிமோர் முதலிய ஊர்களின் கறுப்பினச் சபையார் கூடி ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோபல் சபையை நிறுவினர். தன்னையே தவணையில் வாங்கியவர் அதன் முதல் பேராயரானார்.

அவரை மாசற்றவராக்க நான் விரும்பவில்லை. ஜாரீனா லீ என்ற பெண் தனக்குப் பிரசங்கிக்கும் அழைப்பு வந்ததாகக் கூறியபோது, மெதடிஸ்ட் விதிகளில் அதற்கு இடமில்லை என்று ஆலன் கைவிரித்தார். விதிகளால் ஒதுக்கப்பட்டவர் விதியைக் காட்டி ஒதுக்கினார். சுமார் எட்டு ஆண்டுகள் கழித்து, பெத்தேலில் பிரசங்கி தடுமாறிய வேளையில் லீ எழுந்து பேசிய பிறகே ஆலன் தம் தவறை ஒப்பி அவரை ஆதரித்தார். 1817 ஜனவரியிலும் இவ்வாறே. விடுதலை பெற்ற கறுப்பினத்தவரை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பும் திட்டத்தில் ஆலன் உள்ளிட்ட தலைவர்களுக்கு ஈர்ப்பு இருந்தது. பெத்தேலில் ஏறத்தாழ மூவாயிரம் பேர் கூடி, ஒருவர்கூட ஆதரிக்காமல் அதை நிராகரித்தனர். ஆலன் மக்களின் முடிவோடு நின்றார்.

1822இல் சார்ல்ஸ்டனில் டென்மார்க் வேசி திட்டமிட்ட கிளர்ச்சி கண்டுபிடிக்கப்பட்டபோது, அவர் உறுப்பினராயிருந்த ஆப்பிரிக்க மெதடிஸ்ட் ஆலயத்தை வெள்ளையர் இடித்தனர். அங்கிருந்து தப்பி ஃபிலடெல்ஃபியா வந்த போதகர் மாரிஸ் பிரவுன் பின்னர் இரண்டாம் பேராயரானார். 1830 செப்டம்பரில் பல மாநிலங்களின் கறுப்பினப் பிரதிநிதிகள் முதன்முறையாக ஒன்றுகூட இடம் தேடியபோது பெத்தேல் திறந்திருந்தது. எழுபது வயதான ஆலனே தலைமை ஏற்றார். அடுத்த ஆண்டு மார்ச் 26 அன்று அவர் மறைந்தார். ஆறாம் தெருவின் அந்த மனையில் இன்று நிற்பது நான்காவது கட்டடம். ஆலனின் கல்லறை அதன் அடித்தளத்தில் இருக்கிறது. பத்திரம் இன்னும் சபையின் பெயரிலேயே இருக்கிறது.