வெள்ளைச் சேலையும் வெண்கலக் குரலும்



ஆண்டு மலருக்கு ஒரு பாடகரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும், எங்க கிளாஸ் பசங்க ஆளுக்கொரு பெயரைச் சொன்னாங்க. எல்லாம் இப்போ செல்போனில் ஓடுகிற பெயர்கள். நான் கே.பி. சுந்தராம்பாள் என்றேன். ஒருத்தன், அந்த அவ்வையார் பாட்டியா என்று கேட்டுச் சிரித்தான். ஆமாம், அதே பாட்டிதான். ஆனால் அந்தப் பாட்டிக்கும் 25 வயது இருந்தது. அந்த வயதில் அவர் எடுத்த முடிவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீடு பாகூர் பக்கம். அப்பா மைக் செட் வைத்திருந்தார். கோயில் திருவிழா, காது குத்து, கல்யாணம் எதுவானாலும் எங்கள் குழாய் ஸ்பீக்கர்தான் கட்டுவாங்க. விடியற்காலையில் முதலில் போடுகிற சாமி பாட்டு சுந்தராம்பாள் குரலாகத்தான் இருக்கும். ஆம்ப்ளிஃபயர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அந்தக் குரலை விட நல்ல சோதனை கிடையாது என்பார் அப்பா. உச்சத்தில் குழாய் கரகரத்தால் கோளாறு நம்ம செட்டில்தான், அந்த அம்மா குரலில் இல்லை!

1908-ல் காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்தவர் சுந்தராம்பாள். ஊர்ப் பெயரின் முதல் எழுத்தும், அம்மா பாலாம்பாள் பெயரின் முதல் எழுத்தும்தான் கே.பி. வீட்டில் கடும் வறுமை. சின்ன வயதிலேயே ரயிலில் பாடிக் காசு வாங்கினார். அந்தக் குரல் திருச்சியில் ரயில்வே அதிகாரியாக இருந்த நாடகக்காரர் எப்.ஜி. நடேச அய்யர் காதில் விழுந்தது. அவர் மூலம் வேலு நாயர் நாடகக் கம்பெனியில் சேர்ந்தார். முதலில் குழந்தை வேஷம், பிறகு ராஜபார்ட், ஸ்திரீபார்ட் இரண்டும்.

எலக்ட்ரானிக்ஸ் படிக்கிற நாம் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும். அந்தக் கால நாடகக் கொட்டகையில் மைக் கிடையாது. கடைசியில் மண் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் பாட்டு கேட்க வேண்டும். தொண்டைதான் ஆம்ப்ளிஃபயர், நெஞ்சுதான் பவர் சப்ளை. மேல் ஸ்தாயியில் பிசிறில்லாமல், விடிய விடியப் பாட வேண்டும். அதில் தேறியவர்கள் கொஞ்சம் பேர்தான்.

அப்படித் தேறிய இன்னொருவர் செங்கோட்டை எஸ்.ஜி. கிட்டப்பா. அவருடைய உச்சஸ்தாயிக்கு ஈடுகொடுக்க ஆள் இல்லை என்று பேர் வாங்கியவர். 1926-ல் இலங்கையில் இருவரும் ஒரே மேடையில் ஏறினார்கள். வள்ளி திருமண நாடகத்தில் இவர் வள்ளி, அவர் வேலன். தமிழ் நாடக உலகமே அந்த ஜோடிக்காகக் காத்துக் கிடந்தது. இசைத்தட்டுகளும் வந்தன. 1927-ல் இருவரும் மணம் செய்துகொண்டார்கள். கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மணமாகியிருந்தது, சாதியும் வேறு. அதனால் அந்த வாழ்க்கை சுகமாக அமையவில்லை. பிறந்த குழந்தையும் தங்கவில்லை. சண்டை, பிரிவு, கடிதம் என்று போனது. கிட்டப்பாவின் உடம்பு குடியாலும் நோயாலும் தேய்ந்தது. 1933 டிசம்பர் 2-ம் தேதி அவர் இறந்தார். வயது 27.

இனிமேல் என்ன?

அந்தக் காலத்தில் கணவனை இழந்த பெண்ணுக்கு ஊர் காட்டிய இடம் வீட்டின் மூலை. சுந்தராம்பாள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டார், நகையைக் கழற்றினார். எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி எடுத்தார். கொஞ்ச காலம் மேடைப் பக்கமே போகவில்லை. ஆனால் அப்படியே இருந்துவிடவில்லை. தனியாகக் கச்சேரி செய்யத் தொடங்கினார். இரண்டு குரல் கேட்ட மேடையில் ஒற்றைக் குரலாக நின்றார். ஜோடி போனால் பாட்டும் போய்விடும் என்று நினைத்தவர்கள் வாயடைத்தார்கள்.

சினிமாவும் தேடி வந்தது. அசன்தாஸ் என்ற தயாரிப்பாளர் நந்தனார் படத்துக்கு அழைத்தார். வேண்டாம் என்று நேராகச் சொல்ல முடியாமல், ஆளே ஓடிவிடட்டும் என்று ஒரு லட்ச ரூபாய் கேட்டாராம். அவர் ஒத்துக்கொண்டுவிட்டார்! 1935-ல் ஒரு லட்சம் என்றால் என்னவென்று உங்கள் தாத்தாவைக் கேளுங்கள். இந்தியாவில் அதுவரை எந்த நடிகரும் வாங்காத தொகை என்று சினிமா வரலாறு எழுதுகிறவர்கள் சொல்கிறார்கள். அதிலும் ஆண் வேஷம், நந்தனாராகவே நடித்தார். வேதியராக வந்தவர் சங்கீத வித்வான் மகாராஜபுரம் விசுவநாத அய்யர்.

படம் எல்லாருக்கும் பிடித்தது என்று பொய் சொல்ல மாட்டேன். எழுத்தாளர் கல்கி, அந்தப் படத்தில் பனைமரமும் எருமையும்தான் நன்றாக நடித்திருப்பதாகக் கேலி செய்து எழுதினார். வேறு ஒருவராக இருந்தால் சுருண்டிருப்பார். இவர் 1940-ல் மணிமேகலையாக வந்தார். 1953-ல் ஜெமினி வாசன் எடுத்த அவ்வையாரில் நடித்தபோது, அந்த வேஷம் அவர் உடம்பிலேயே ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் அவ்வையார் என்றால் நமக்குத் தெரிவது அவர் முகம்தானே?

இதற்கு நடுவில் அரசியல் வேறு. சத்தியமூர்த்தியின் தூண்டுதலால் காங்கிரஸ் மேடைகளில் தேசபக்திப் பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தார். 1951-ல் சென்னை சட்ட மேலவை உறுப்பினர் ஆனார். சினிமாக்காரர்கள் சட்டசபைக்குப் போவது நமக்குப் புதுசில்லை. அந்த வழியில் முதலில் நடந்தது இந்த வெள்ளைச் சேலைதான் என்று சொல்வார்கள்.

1964-ல் பூம்புகாரில் கவுந்தியடிகள். 1965-ல் திருவிளையாடலில் மறுபடியும் அவ்வையார். பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்ட முருகனைச் சமாதானப்படுத்தும் அந்தப் பாட்டை நம்ம ஊரில் கேட்காத காது கிடையாது. 1969-ல் வந்த துணைவன் படப் பாட்டுக்காகச் சிறந்த பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது. அப்போது வயது 60 தாண்டிவிட்டது! 1970-ல் பத்மஸ்ரீ. 1973-ல் நம்ம காரைக்கால் அம்மையாராகவே நடித்தார். மாங்கனித் திருவிழாவுக்குப் போகிறவர்கள் அதையும் நினைத்துக்கொள்ளுங்கள். 1980-ல் காலமானார். கிட்டப்பா இல்லாமல் அவர் வாழ்ந்தது 46 வருஷத்துக்கு மேல். கிட்டப்பாவோடு பாடியதோ ஏழு வருஷம்தான்.

இனி என் கதை. நான் எட்டாவது படிக்கும்போது அப்பா போய்விட்டார். சொந்தக்காரர்கள் வந்து மைக் செட்டை விற்றுவிடச் சொன்னார்கள். பொம்பளை ராத்திரியில் கோயில் கோயிலாகப் போய் ஒயர் இழுக்க முடியுமா என்றார்கள். அம்மா விற்கவில்லை. அப்பாவோடு வேலை பார்த்த அண்ணனைத் துணைக்கு வைத்துக்கொண்டு தானே போனாங்க. தோழர்களே, உண்மையைச் சொல்கிறேன். அப்போது சொந்தக்காரர்களை விட அதிகமாக வெட்கப்பட்டவன் நான்தான். ஒருநாள் திருவிழாவில் கூட்டத்துக்கு நடுவே ஏணியில் ஏறி நின்ற அம்மாவைப் பார்த்துவிட்டுத் தெரியாதவன் மாதிரி நகர்ந்து போனேன். வீட்டுக்கு வந்து இனிமேல் போகாதீங்க என்று கத்தினேன். அம்மா பதில் பேசலை. ஆம்ப்ளிஃபயரைத் துடைத்து, அப்பாவின் பழைய சுந்தராம்பாள் பாட்டை மெதுவாக வைத்தாங்க. இந்த அம்மாவும் தனியாத்தான் பாடினாங்க என்று மட்டும் சொன்னாங்க. அன்றைக்கு எனக்குப் புரியலை.

பிறகுதான் இந்த வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். சுந்தராம்பாள் துக்கத்தை மறைக்கவில்லை, அதைக் காட்டிச் சலுகையும் கேட்கவில்லை. வெள்ளைச் சேலையோடேயே மேடை ஏறி, தன் தொழிலுக்குத் தானே விலை சொன்னார். என் அம்மாவும் அதைத்தான் செய்தாங்க. அந்தக் காசில்தான் நான் டிப்ளமோ படிக்கிறேன்.

இந்த வருஷம் வில்லியனூர் தேர்த் திருவிழாவில் ஒரு தெருவுக்கு எங்கள் செட்தான். ஏணியில் நான் ஏறினேன், கீழே அம்மா பிடித்துக்கொண்டாங்க. விடியற்காலை முதல் பாட்டு எது என்று நான் கேட்கவில்லை. உங்களுக்கும் சொல்ல வேண்டியதில்லை.

குழாய் கரகரக்கவில்லை!