கோட்டையைக் கொடுத்தும் புகழ் கொண்ட தளபதி

கோட்டையை வளைத்தலை உழிஞையென்றும், அதனைக் காத்தலை நொச்சியென்றும் வகுத்தனர் நம் முன்னோர். காத்த கோட்டையைப் பகைவரிடம் ஒப்படைத்தற்கு அவர் தனித்திணை வகுத்திலர். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலோ அதுவும் ஒரு போர்முறையாயிற்று. அதில் வல்லவரான பிரெஞ்சுத் தளபதி பூபிளேரின் வரலாற்றை ஈண்டுக் கூறுவாம்.

1644 இல் பிறந்த இவர் பதினான்காம் லூயி மன்னனின் போர்களில் உயர்ந்து மார்ஷல் ஆனார். 1695 இல் நமூர்க் கோட்டையை ஆங்கில மன்னர் மூன்றாம் வில்லியத்திடம் ஒப்படைக்க நேர்ந்தது. லூயி முனிந்தானல்லன், அவருக்குக் கோமகன் பட்டமே ஈந்தான். நெடுநாள் காத்தபின் கொடுப்பது அக்காலத்தில் இழுக்கன்று. மதில் பிளந்தபின்னும் பணியாத நகரைச் சூறையாடலாம் என்பது போர்வழக்கு. உரிய வேளையிற் பணிந்தால் படையும் குடிகளும் பிழைக்கலாம். அவ்வேளையை அறிவதே தளபதியின் கடமை.

1708 ஜூலையில் ஊதநார்தில் பிரெஞ்சுப்படை தோற்றது. இயூஜீன் இளவரசர் லீல் நகரை வளைத்தார். மார்ல்பரோ அவருக்குப் புறக்காவலாய் நின்றார். அறுபத்துநான்கு வயதான பூபிளேர் ஏறக்குறைய 15,000 வீரருடன் அந்நகரைக் காத்தார். வெடிமருந்து அருகியது. செப்தெம்பர் இறுதியில் ஓரிரவு, பிரெஞ்சுக் குதிரைவீரர் சேணத்தின்பின் மருந்துப் பைகளைக் கட்டிப் பகைவரணியூடே நுழைந்தனர். பைகள் சில தீப்பற்றி வெடித்துப் பலர் மாண்டனர், எஞ்சியோர் நகர்புகுந்தனர். இத்துணிவை எண்ணுந்தோறும் நாம் வியக்கின்றோம்.

மதில் பிளந்தது. ஒக்தோபர் 22 இல் பூபிளேர் நகரைக் கொடுத்தார். ஆயினும் போரை விட்டாரல்லர். எஞ்சிய படையுடன் வோபான் அமைத்த உட்கோட்டையுட் புகுந்து, திசெம்பர் வரை தாக்குப்பிடித்தார். ஈற்றில் அரசனின் இசைவு பெற்றே பணிந்தார். நிபந்தனைகளை அவரே எழுதுக, யாம் ஒப்பமிடுவோம் என்னும் கருத்தினராயிருந்தார் இயூஜீன். காவற்படை ஆயுதந் தாங்கி, கொடி பறக்க, முரசு முழங்க வெளியேறியது. இப்பெருந்தன்மையைப் போற்றுமுன், அகழிகளில் இருபுறத்தும் மாண்ட ஆயிரமாயிரம் பெயரறியா வீரரையும் நினைத்தல் தகும். ஆனால் அவ்வாண்டின் போர்க்காலத்தின் பெரும்பகுதி லீலிலேயே கழிந்தது என்பதும் மறுக்கவொண்ணாதது.

அடுத்த ஆண்டு மால்பிளாக்கேயில், தமக்கு இளையவரான வில்லாரின்கீழ்ப் பணிபுரிய அவர் தாமே முன்வந்தார். வில்லார் காயமுற்றபோது தலைமையேற்று, படையைக் குலையாமல் மீட்டார். பட்டம் எதனினும் இச்செயலே அவர் பெருமையை நமக்குக் காட்டுவது.

1711 இல் அவர் காலமானார். 1713 இல் ஊத்ரெக்ட் உடன்படிக்கையால் லீல் மீண்டும் பிரான்சைச் சேர்ந்தது. அதனைக் காண அவர் இருந்திலர்.