நைட்டிங்கேல் அம்மையார் கண்ட அளவுகோல்

புளோரென்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1820-ஆம் ஆண்டு மே மாதம் 12-ஆம் நாள் இத்தாலியில் ஆங்கிலப் பெற்றோர்க்குப் பிறந்தார். 1854-இல் கிரிமியப் போரில் நலிந்த வீரரைப் பேணும்பொருட்டு, 38 தாதியருடன் துருக்கியிலுள்ள ஸ்கூட்டாரி வைத்தியசாலையை அடைந்தார். இரவில் விளக்கேந்தி நோயாளரைக் கண்டுவந்த அவரது அன்பை உலகம் அறியும். ஆயினும், அன்பு மிக்கிருந்தும் சாவு குறைந்திலது. 1855 பிப்ரவரியில் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 42 பேர் மாண்டனர். மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் சாக்கடைகளைத் தூய்மை செய்து, காற்றோட்டமும் அமைத்தனர். ஜூனில் அத்தொகை 2 ஆயிற்று.

தாயகம் மீண்டபின் அம்மையார் இக்கணக்குகளை ஆராய்ந்து, வீரரை மாய்த்தது காயத்தினும் தூய்மைக்கேடே எனத் தெளிந்தார். 1858-இல் லண்டன் புள்ளிவிவரக் கழகம் அவரைத் தன் முதற் பெண் உறுப்பினராக ஏற்றது. இந்தியாவை ஒருபோதும் கண்டிராத அவர், ஈண்டுள்ள ஆங்கிலப் படையில் ஆண்டுதோறும் ஆயிரவருள் 69 பேர் மடிவதை 1863-ஆம் ஆண்டின் அறிக்கை வாயிலாக வெளிப்படுத்தினார். அது 18 ஆகக் குறைந்ததென 1873-இல் எழுதினார். 1910 ஆகஸ்டு 13-ஆம் நாள் மறைந்தார்.

பணிவிடையின் தரத்தை அளப்பது பணிபுரிவோரின் மனநிறைவன்று. நோயாளர் பெற்ற நலமே. தணிகைமலையின் 365 படிகளை எண்ணி ஏறும் ஊரினர் நாம். நம் மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் எத்துணைப்பேர் நலமுற்றனர், எத்துணைப்பேர் படுக்கைப்புண்ணால் வருந்தினர் என்பதையும் அவ்வாறே எண்ணப் பயில்வோமாக.