பொற்பிடி வாள் பெற்ற பெருவீரர்

வேந்தர் மனமுவந்து வீரர்க்கு வாள் வழங்குதல் பல நாட்டினும் நிலவிய பழைய வழக்காகும். அங்ஙனம் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயியிடம் பொற்பிடி வாளொன்று பெற்ற ஜான் பால் ஜோன்ஸ் என்பாரின் வரலாறு, நம் சங்கத்தார் ஒவ்வொருவரும் ஊன்றி உணரற்பாலது.

இவர் 1747-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 6-ஆம் நாள் ஸ்காட்லாந்து தேயத்தில் ஒரு தோட்டக்காரர்க்கு மகனாகத் தோன்றினார். ஜான் பால் என்பதே இயற்பெயர். 13-ஆம் வயதிற் கப்பற்றொழில் பயிலப் புகுந்தார். அடிமை வாணிகக் கலங்களிலும் சிறிது காலம் ஊழியஞ்செய்து, பின் அத்தொழிலை அருவருத்து நீங்கினார். கடுஞ்சினத்தவர், 1773-இல் தொபாகோத் தீவிற் கூலி பற்றி எழுந்த கலகத்தில் மாலுமி ஒருவனைக் கொன்று, அமெரிக்காவிற்குத் தப்பிச் சென்று, ஜோன்ஸ் என்னும் பெயரையும் பூண்டார்.

அமெரிக்கர் ஆங்கில ஆட்சியினின்றும் விடுதலை வேண்டிப் போர் தொடங்கவே, 1775-இல் அவர்தம் கடற்படையிற் சேர்ந்தார். 1778-இல் ஸ்காட்லாந்துக் கரையில் இறங்கிய இவருடைய மாலுமிகள், செல்கர்க் பிரபுவின் மனையிற் புகுந்து வெள்ளிக் கலங்களைக் கவர்ந்தனர். இவரோ அவற்றைத் தம் பொருள் கொடுத்து வாங்கி, அப்பிரபுவின் மனைவியார்க்கே பின்னர்த் திருப்பி அனுப்பினார். பகைவரேயாயினும் இல்லத்துப் பெண்டிர் உடைமை கொள்ளலாகாதென்பது இவர் கொள்கை.

1779 செப்டம்பர் 23-ஆம் நாள் இங்கிலாந்தின் கீழ்க்கரைக்கு அண்மையில், பிரெஞ்சு மன்னர் உதவிய பழைய வாணிகக் கலமொன்றிலிருந்து, செராபிஸ் என்னும் புத்தம் புதிய ஆங்கிலப் போர்க்கலத்தை எதிர்த்தார். இரு கலங்களையும் ஒன்றோடொன்று பிணித்துப் பொருதார். தம் கலம் தீப்பற்றி நீர் புகுந்து நிற்கவும் பணிய மறுத்தார். மூன்று மணி நேரத்திற்கு மேற்பட்ட போரின் முடிவிற் செராபிஸ் பணிந்தது. இவர் கலமோ இரு நாளில் மூழ்கிற்று. கைப்பற்றிய கலத்திலேயே மீண்டார். இச்செயல் கண்டு மகிழ்ந்த லூயி மன்னர், 1780-இல், இலத்தீன் மொழியிற் புகழுரை பொறித்த அவ்வாளை அளித்துச் சிறப்பித்தார்.

பின்னர் நிகழ்ந்தது யாது? போர் முடிந்தபின் இவர்க்குத் தக்க பணி அமையவில்லை. 1788-இல் ருஷிய அரசியார் காதரீனிடம் கடற்படைத் தலைவராய்ச் சேர்ந்து, அங்கும் பொறாமையாளர் சூழ்ச்சியால் மனம் நொந்து நீங்கினார். 1792 ஜூலை 18-ஆம் நாள் பாரிஸ் நகரில், நோயுற்றுத் துணையின்றித் தம் 45-ஆம் வயதில் உயிர்நீத்தார். இவரைத் தூதுப் பணியில் அமர்த்தி வாஷிங்டன் விடுத்த ஆணை, இறந்தபின்னரே வந்தடைந்தது. பாரிஸிலிருந்த அமெரிக்கத் தூதர் குறைந்த செலவிற் புதைத்தலே போதுமென்றார். சிமோனோ என்னும் பிரெஞ்சுக்காரரே தம் பொருள் செலவிட்டு, என்றேனும் அமெரிக்கர் நாடி வருவர் எனக் கருதி, ஈயப் பேழையிற் சாராயம் பெய்து உடலைக் கெடாது வைப்பித்தார். வாள் ஈந்த மன்னரும் 1793-இற் கொலைக்களத்தில் மாண்டார்.

கல்லறைமேற் கட்டடங்கள் எழுந்தன. 113 ஆண்டு கழித்து, 1905-இலேயே பேழை அகழ்ந்தெடுக்கப்பட்டது. இன்று அன்னாபொலிஸ் கடற்படைக் கல்லூரியிற் சலவைக்கற் கல்லறையில் இவர் துயில்கின்றார். வாளும் ஆங்கே காட்சிக்குளது.

அன்பர்காள்! தோட்டக்காரர் மகன் வேந்தர் கை வாள் பெற்றது முயற்சியின் பயன். அதனை நம் சிறார்க்கு எடுத்தோதுக. ஆயின், அவர் தனித்து இறந்தது பிறர் குற்றம். அதனை நாம் நினைக. உழைத்த பெரியார்க்குப் பொன்னாடை போர்த்துதல் ஒருநாட் செயல். அவர் மூப்பெய்திப் படுக்கையிற் கிடக்குங்காற் சென்று உசாவி உதவுதலே சங்கத்தின் கடன். சலவைக்கல் பின்னர் எழுப்பலாம். உயிருள்ளபோது ஒரு குவளைக் கஞ்சி கொடுப்போமாக.