பலமும் பாரமும்: போல் எண்டர்சன்

1956-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ஒலிம்பிக் போட்டி தொடங்கியது. மலாயா முதன்முறையாகப் பங்கேற்ற ஒலிம்பிக் அதுவே. அப்போட்டியின் பளுதூக்குதலில், 90 கிலோகிராமுக்கு மேற்பட்டோர் பிரிவில் தங்கம் வென்றவர் அமெரிக்க வீரர் போல் எண்டர்சன். உடல் எடையைப் பெருக்கி வலிமை பெற்ற அவருக்கு, அன்று எடை குறைந்ததே வெற்றியைத் தேடித் தந்தது.

போல் எண்டர்சன் 1932-ஆம் ஆண்டு அக்டோபர் 17-ஆம் நாள் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள டொக்கோவாவில் பிறந்தார். நம் நாட்டுப் பெடாசைப் போல அதுவும் ஒரு சிற்றூர்தான். சிறுவயதிலேயே அவரைச் சிறுநீரக நோய் தாக்கியது. அதிலிருந்து தேறிய அவர், வளர்ந்தபின் அமெரிக்கக் காற்பந்து விளையாட்டில் சிறந்து விளங்கினார். 1950-இல் விளையாட்டு உதவித்தொகை பெற்று ஃபர்மன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்குதான் பளுதூக்கும் பயிற்சியில் அவருடைய மனம் முழுமையாக ஈடுபட்டது. படிப்பை இடையில் நிறுத்திவிட்டார்.

தமக்கு ஏற்ற கருவிகள் இல்லையே என்று அவர் சோர்ந்துவிடவில்லை. சிமெண்டுக் கலவை நிரப்பிய உருளைகளையும் இரும்புச் சக்கரங்களையும் எடைகளாகப் பயன்படுத்தினார். நிலத்தில் குழி தோண்டி, அதனுள் நின்றுகொண்டு, குறுக்கே கிடந்த பாரத்தைத் தோளால் சிறிதளவு உயர்த்தினார். நாளடைவில் குழியில் சிறிது சிறிதாக மண்ணைக் கொட்டி மேடாக்கினார். இதனால் பாரத்தை உயர்த்த வேண்டிய தூரமும் மெல்ல மெல்லக் கூடியது.

பயிற்சியோடு உணவையும் அவர் மிகுதியாக உட்கொண்டார். பயிற்சிக்கு இடையிடையே நிறையப் பால் அருந்துவார். ஏறக்குறைய 175 செண்டிமீட்டர் உயரமே கொண்ட அவருடைய எடை, சில ஆண்டுகளுக்குள் 150 கிலோகிராமைத் தாண்டியது. அவர் போட்டியிட்ட பிரிவில் உடல் எடைக்கு மேல்வரம்பு இல்லாததால், எடை கூடுவது அவருக்குச் சாதகமாகவே அமைந்தது.

1955-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்கக் குழுவினருடன் அவர் மாஸ்கோ சென்றார். மழையையும் பொருட்படுத்தாமல் பெருங்கூட்டம் திறந்தவெளியில் திரண்டிருந்தது. சோவியத் வீரர் மெட்வெடேவ், அன்றைய ஒலிம்பிக் சாதனைக்கு இணையாக 150 கிலோகிராமைத் தலைக்குமேல் உயர்த்தினார். அடுத்து வந்த எண்டர்சன் 182.5 கிலோகிராமை உயர்த்தியபோது கூட்டமே வாயடைத்து நின்றது. அவ்வாண்டே மியூனிக் நகரில் அவர் உலக வெற்றியாளரானார்.

மெல்பர்னில் நிலைமை வேறாக இருந்தது. கடுங்காய்ச்சலால் எண்டர்சனின் உடல் மெலிந்திருந்தது. அர்ஜெண்டினா வீரர் செல்வெட்டி முன்னிலையில் இருந்தார். இறுதித் தூக்கலில் 187.5 கிலோகிராமைத் தூக்க வேண்டிய நெருக்கடி எண்டர்சனுக்கு ஏற்பட்டது. இருமுறை முயன்றும் தோற்றார். எஞ்சியிருந்த ஒரே வாய்ப்பில் அதைத் தூக்கிக் காட்டினார். இருவரின் மொத்தமும் சரியாக 500 கிலோகிராம். சமநிலை ஏற்பட்டால் எடை குறைந்தவருக்கே வெற்றி என்பது விதி. செல்வெட்டி 143.5 கிலோகிராம், எண்டர்சன் 137.9 கிலோகிராம். தங்கம் எண்டர்சனுக்குக் கிடைத்தது.

பின்னர் அவர் பணம் பெற்றுக்கொண்டு வலிமைக் காட்சிகள் நடத்தியதால், அக்கால விதிப்படி 1960 ஒலிம்பிக்கில் பங்கேற்க இயலவில்லை. எனினும் அவ்வலிமை வேறொரு வழியில் பயன்பட்டது. 1961-இல் அவரும் அவருடைய மனைவி கிளெண்டாவும் வழிதவறிய இளைஞர்களுக்காக ஜார்ஜியாவின் விடாலியா நகரில் ஓர் இல்லத்தைத் தொடங்கினர். ஊர் ஊராகச் சென்று பளு தூக்கி ஈட்டிய வருவாயைக் கொண்டு அவ்விளைஞர்களுக்கு அவர் வாழ்வளித்தார்.

இளமையில் தாக்கிய சிறுநீரக நோய் பிற்காலத்தில் மீண்டும் அவரை வாட்டியது. 1983-இல் அவருடைய சகோதரி தம் சிறுநீரகங்களுள் ஒன்றைத் தானமாக அளித்தார். உலகையே வியக்க வைத்த வீரர் உயிர்வாழ, உடன்பிறந்தவரின் கொடை தேவைப்பட்டது. 1994-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், தமது 61-ஆம் வயதில் அவர் காலமானார்.

எண்டர்சனின் நோய்க்கு அவருடைய எடைதான் காரணம் என்று கூறிவிட முடியாது. ஆயினும், உடல் எடை விரைவாகக் கூடுவது எவருக்கும் சுமையே. குறுகிய காலத்தில் உடலால் ஓரளவு தசையை மட்டுமே உருவாக்க முடியும். மிகையாக உண்பதில் பெரும்பகுதி கொழுப்பாகவே சேரும். அதனால் இதயம் கூடுதலாக உழைக்க நேரிடும். இரத்த அழுத்தமும் நீரிழிவும் ஏற்படும் வாய்ப்பு மிகும். உயர் இரத்த அழுத்தம் சிறுநீரகத்தின் நுண்ணிய இரத்தக் குழாய்களைப் பழுதாக்கும். மூட்டுகள் தேயும், உறக்கத்தில் மூச்சுத் தடைபடவும் கூடும்.

இன்று உடற்பயிற்சிக்கூடம் செல்லும் இளைஞர்கள் பலர், ஓரிரு மாதங்களில் உடலைப் பெருக்க விரும்பிச் சத்துமாவுகளை நாடுகின்றனர். எண்டர்சன் குழியில் ஒரே நாளில் மண்ணை நிரப்பிவிடவில்லை. உடல் பழகப் பழகவே சிறிது சிறிதாகக் கொட்டினார். உடலை வளர்ப்பதற்கும் அந்தப் பொறுமை தேவை. மருத்துவரின் ஆலோசனையும் பயிற்றுநரின் வழிகாட்டலும் அதற்குத் துணைநிற்கும். பலம் பெறுவது நன்று. அப்பலமே உடலுக்குப் பாரமாகிவிடாமல் காத்துக்கொள்வது அதனினும் நன்று.