யார் இந்த சுஸ்ருதர்? அறுந்த காதை ஒட்டவைத்த காசி வைத்தியர்

விடைத்த காதை ஆபரேஷன் செய்து படிய வைப்பது இப்போது சகஜம். 1881-ல் நியூயார்க்கில் எட்வர்ட் எலி என்ற டாக்டர் 12 வயதுச் சிறுவனுக்குச் செய்ததுதான் அதன் தொடக்கம் என்பார்கள். ஆனால் காதைத் திருத்தும் வித்தை ரொம்பப் பழசு.

அதை விளக்கமாக எழுதிவைத்தவர் சுஸ்ருதர். காசியில் திவோதாசரிடம் படித்தவர். காலம் கி.மு. 600 வாக்கில் என்பது பரவலான கணிப்பு. மற்றபடி அவரைப் பார்க்க வேண்டுமென்றால் சுஸ்ருத சம்ஹிதையைத்தான் புரட்ட வேண்டும்.

அன்று காது குத்தி, துளையைப் பெரிதாக்கி மடலை வளர்ப்பார்கள். நம்ம ஊர் பாம்படம் போட்ட பாட்டிகள் மாதிரி. மடல் அறுந்துபோனால்? ஒட்டுவதற்கு 15 முறைகள் சொன்னார். மடலே இல்லாதவருக்குக் கன்னத்துச் சதையைக் கீறி, ஒரு பக்கம் ஒட்டியிருக்கும்படியே திருப்பிப் பொருத்தச் சொன்னார். ரத்த ஓட்டம் அறுபடாது, அதுதான் சூட்சுமம். இன்றைய பிளாஸ்டிக் சர்ஜன்களும் இதைத்தான் செய்கிறார்கள். பிறகு தேனும் நெய்யும் தடவி, பஞ்சு வைத்துக் கட்டு.

மாணவர்கள் எடுத்த எடுப்பில் நோயாளி மேல் கத்தி வைக்க முடியாது. வெட்டிப் பழகப் பூசணி, வெள்ளரி. காது ஒட்டிப் பழக மெல்லிய இறைச்சித் துண்டு, குவளைத் தண்டு. கை பழகிய பிறகுதான் ஆள்.