படியேறி வந்த ஆசிரியர்

நல்லாசிரியருக்கு நிலத்தையும் மலையையும் நிறைகோலையும் மலரையும் உவமையாகக் கூறினார் நன்னூல் செய்த பவணந்தியார். பொறுமையில் நிலம், வறண்ட காலத்தும் வளம் தருவதில் மலை, ஐயம் நீக்கி நடுவு நிற்பதில் நிறைகோல், யாவரும் விரும்பும் மென்மையில் மலர். இந்த நான்கும் ஆசிரியரைத் தேடி வந்து அமர்ந்துவிட்ட மாணவனுக்குப் போதும். ஆனால், நாளைக்கு வகுப்புக்கு வருவானோ மாட்டானோ என்று தெரியாத மாணவன் ஒருவன் இருக்கிறான். வீட்டு வறுமை அவன் சட்டையைப் பின்னின்று இழுக்கிறது. அவனுக்காக ஆசிரியர் தம் நாற்காலியை விட்டு எழுந்து, தெருவில் நடந்து, அவன் வீட்டுப் படியேற வேண்டியிருக்கிறது. அப்படிப் படியேறிய ஆசிரியர் ஒருவரைப் பற்றியும், அவரால் வாழ்வு பெற்ற மாணவர் ஒருவரைப் பற்றியும் இங்கே எழுத விரும்புகிறேன். மாணவர், பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு. ஆசிரியர், லூயி ஜெர்மேன்.

நான் பொருளாதாரம் படிப்பவன். பிரெஞ்சு மொழி அறியேன். வெ. ஸ்ரீராம் தமிழாக்கிய ‘அந்நியன்’ என்னும் நாவல் வழியாகத்தான் காம்யு எனக்கு அறிமுகமானார். நாவலைப் படித்தபோது, இதை எழுதியவர் பெரிய நூலகத்துக்கு நடுவே வளர்ந்தவராய் இருக்க வேண்டும் என்று எண்ணினேன். உண்மை அதற்கு நேர்மாறாக இருந்தது.

காம்யு 1913-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் அல்ஜீரியாவில் மொந்தொவி என்ற சிற்றூரில் பிறந்தார். அல்ஜீரியா அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. தந்தை திராட்சை மது வணிகம் ஒன்றில் பணியாளர். அநாதை விடுதியில் வளர்ந்தவர். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டதும் அவர் படையில் சேர்க்கப்பட்டார். மார்ன் ஆற்றுப் போரில் காயமுற்று அவ்வாண்டு அக்டோபர் 11-ஆம் நாள் பிரான்சின் மருத்துவமனை ஒன்றில் உயிர் நீத்தார். குழந்தைக்கு அப்போது ஒரு வயதுகூட நிறையவில்லை.

தாய் காத்தரின் இரண்டு ஆண் குழந்தைகளுடன் அல்ஜியர்ஸ் நகரின் பெல்கூர் பகுதியில் தன் தாயின் வீட்டை அடைந்தாள். தொழிலாளர் நிறைந்த பகுதி அது. காத்தரினுக்குக் காது சரியாகக் கேளாது. பேச்சும் தடைப்பட்டே வரும். எழுதப் படிக்கத் தெரியாது. பிறர் வீடுகளைப் பெருக்கித் துடைத்துக் கூலி பெற்றாள். வீட்டை ஆண்டவள் பாட்டி. அவள் கையில் சாட்டை உண்டு. அது சும்மா கிடந்ததில்லை. மரப்பீப்பாய் செய்யும் தாய்மாமன் ஒருவரும் அவ்வீட்டில் இருந்தார். வீட்டுப் பெரியவர்களுக்குப் புத்தகம் என்பதே அயலான பொருள். இத்தகைய வீட்டிலிருந்துதான் அந்தச் சிறுவன் ஓமெரா தெருவின் தொடக்கப் பள்ளிக்கு நாள்தோறும் சென்று வந்தான்.

அப்பள்ளியில் 1923-ஆம் ஆண்டில் அவனுக்கு வாய்த்த ஆசிரியரே லூயி ஜெர்மேன். அவர் வகுப்பறை எப்படி இருந்தது என்பதைக் காம்யுவே பிற்காலத்தில் ‘முதல் மனிதன்’ என்ற நாவலில் தீட்டியிருக்கிறார். நாவல் என்ற பெயர்தான். பெரும்பகுதி அவர் வாழ்க்கையே. அதில் ஜெர்மேன் வேறு பெயருடன் உலவுகிறார். கனிமக் கற்கள், பதப்படுத்திய செடிகொடிகள், குத்தி வைத்த வண்ணத்துப்பூச்சிகள் ஆகியவற்றை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டிப் பாடம் நடத்துவார். மற்ற வகுப்புகளில் பிள்ளைகளின் வாயில் பாடத்தைத் திணித்தார்கள் என்றால், இவர் வகுப்பில் பிள்ளைகளுக்குப் பசி உண்டாயிற்று. நீங்களும் இந்த உலகத்தை அறிந்துகொள்ளத் தகுதி உடையவர்களே என்று அவர் சொல்லாமற் சொன்னார். பெல்கூர்ச் சிறுவர்களை அதுவரை எவரும் அப்படி மதித்ததில்லை.

அவர் மென்மையே உருவானவர் என்று நினைத்துவிட வேண்டா. தவறு செய்தவனை மரக்கோலால் அடிப்பவர். காம்யுவும் அடி வாங்கியிருக்கிறான். அந்த அடியை இன்று நாம் ஏற்க மாட்டோம். ஆயினும் அவர் கோல் ஆளுக்கு ஏற்ப வளைந்ததில்லை என்பதைச் சிறுவர்கள் உணர்ந்திருந்தனர்.

ஜெர்மேனும் முதல் உலகப் போரில் போரிட்டு மீண்டவர். பருவத்தின் இறுதியில் தொர்ழெலெஸ் எழுதிய ‘மரச் சிலுவைகள்’ என்ற போர் நாவலைச் சிறிது சிறிதாக வகுப்பில் படித்துக் காட்டுவார். கதை முடிந்த நாளில் தந்தையைப் போரில் இழந்த சிறுவன் ஒருவன் முன்வரிசையில் தேம்பித் தேம்பி அழுததாகக் காம்யு எழுதுகிறார். ஏன் அழுதான் என்பது ஆசிரியருக்குத் தெரியும். தாம் உயிருடன் திரும்பியதையும், இச்சிறுவனின் தந்தை திரும்பாததையும் அவர் ஒரு கடனாகவே கருதினார் போலும்.

பள்ளிப் படிப்பு முடியும் காலம் வந்தது. அக்கால வழக்கப்படி, தொடக்கப் பள்ளியோடு ஏழைப் பிள்ளைகளின் படிப்பு முடிந்துவிடும். பிறகு பட்டறையிலோ கடையிலோ வேலை. லிசே எனப்படும் உயர்பள்ளியில் சேர வேண்டுமானால் உதவித்தொகைத் தேர்வில் தேற வேண்டும். ஜெர்மேன் தம் வகுப்பில் சில மாணவரைத் தேர்ந்தெடுத்தார். பள்ளி விட்ட பிறகும் அவர்களை இருத்தி, ஒரு காசும் பெறாமல், நாள்தோறும் தனியே பாடம் சொன்னார்.

ஆனால் தேர்வுக்கு முன்னே கடக்க வேண்டிய தடை ஒன்று இருந்தது, அது பாட்டி. அவள் கல்வியை வெறுத்தவள் அல்லள். அவள் கணக்கு எளிய கணக்கு. பேரன் வேலைக்குப் போனால் வாரந்தோறும் கூலி வரும். லிசேக்குப் போனால் இன்னும் பல ஆண்டுகள் ஒன்றும் வாராது. பொருளாதாரம் படிக்கும் நான் இக்கணக்கைத் தவறு என்று சொல்லத் துணியேன். பசித்த வீட்டில் நாளைய பத்து ரூபாயைவிட இன்றைய ஒரு ரூபாய் பெரிது. கல்வியால் வரும் பயன் நெடுங்காலம் கழித்து வருவது. அதுவரை காத்திருக்க வசதியுள்ளவர்க்கே அது பயனாகத் தோன்றும்.

ஜெர்மேன் கடிதம் எழுதி அனுப்பவில்லை; எழுதியிருந்தால் படிக்க அவ்வீட்டுப் பெரியவர்களால் முடியாது. தாமே புறப்பட்டு அந்த வீட்டுப் படியேறினார். நாவல் சொல்வதை நம்பினால், சிறுவனை வெளியே அனுப்பிவிட்டுப் பாட்டியுடனும் தாயுடனும் தனியே பேசினார். அவர் சென்ற பிறகு பாட்டியின் மனம் மாறியிருந்தது. நண்பர்களே, ஒரு மனிதரின் வாழ்க்கை திரும்பிய இடம் எது என்று கேட்டால் பெரும்பாலும் விடை சொல்ல முடிவதில்லை. காம்யுவின் வாழ்க்கையில் சொல்ல முடிகிறது. அந்தப் படிக்கட்டுத்தான் அது.

1924-இல் சிறுவன் தேர்வில் தேறினான். அல்ஜியர்ஸ் லிசேயில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்தது. இவ்விடத்தில் ‘முதல் மனிதன்’ கூறும் செய்தி என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. வெற்றிச் செய்தி கேட்ட சிறுவனுக்கு மகிழ்ச்சியோடு ஒரு துயரமும் வந்ததாம். ஏழைகளின் அந்தச் சிறிய, கதகதப்பான உலகிலிருந்து இந்த வெற்றி தன்னைப் பிடுங்கிவிட்டது; இனி ஆசிரியரும் உடன் வாரார்; தானே தனியாகக் கற்று, தானே தனியாக வளர வேண்டும் என்பதை அவன் உணர்ந்தான். பாட்டியைச் சம்மதிக்க வைத்த ஆசிரியரும் இதை அறிந்திருந்தார். ஒரு குழந்தைக்குக் கதவைத் திறப்பவர், அக்குழந்தை பின்னால் விட்டுச் செல்லும் வீட்டையும் அறிந்தே திறக்க வேண்டியிருக்கிறது.

லிசேயில் அவன் முதன்முதலாகத் தன் வறுமையைக் கண்டான். பெல்கூரில் எல்லோரும் ஏழைகள். ஆதலால் அங்கே வறுமை என்ற ஒன்று தனியே தெரியவில்லை. லிசேயின் படிவத்தில் பெற்றோரின் தொழிலைக் குறிக்க வேண்டியிருந்தது. வீட்டு வேலைக்காரி என்று தாயைப் பற்றி எழுதத் தொடங்கியபோது அவனுக்கு வெட்கம் வந்தது; மறுகணம், வெட்கப்பட்டதற்காகவே வெட்கம் வந்தது. சேர்க்கைப் படிவங்களை நிரப்பிவிட்டு இந்தத் தொலைதூர நகருக்கு வந்திருக்கும் நம்மில் எத்தனை பேருக்கு இது புதிய செய்தி? பெற்றோரின் தொழிலைக் கேட்கும் அந்தச் சிறிய கட்டத்தின் அகலம் எவ்வளவு என்பது சிலருக்கு நன்றாகத் தெரியும்.

கோடை விடுமுறைகளில் பாட்டி அவனைக் கடைகளில் வேலைக்கு அனுப்பினாள். மற்ற நாட்களில் படிப்பும் பந்தாட்டமும். காற்பந்தில் அவன் இலக்குக் காவலன். 1930-இல், பதினேழாம் வயதில், காசநோய் அவனைப் பற்றியது. அந்நாளில் அந்நோய்க்கு உறுதியான மருந்து இல்லை. படிப்பும் ஆட்டமும் ஒருங்கே நின்றன.

அப்போதும் ஓர் ஆசிரியர் படியேறி வந்தார். லிசேயில் தத்துவம் கற்பிக்க வந்திருந்த ழான் கிரெனியே, வகுப்பில் ஒரு மாணவனைக் காணாமல் விசாரித்து, பெல்கூரில் அவன் வீட்டைத் தேடிச் சென்றார். மாணவன் கூச்சத்தால் வாய் திறக்கவில்லை. ஆயினும் அந்த வருகையை அவன் மறக்கவே இல்லை. கிரெனியே அவனுக்கு நூல்கள் தந்தார், எழுதத் தூண்டினார். காம்யு தம் முதல் நூலை 1937-இல் வெளியிட்டபோது அதைக் கிரெனியேக்கே காணிக்கையாக்கினார்.

1936-இல் பல்கலைக்கழகப் படிப்பை முடித்த காம்யு ஆசிரியராகவே விரும்பினார். காசநோயைக் காரணம் காட்டி அதற்குரிய தேர்வுக்கு அனுமதி மறுத்துவிட்டனர். எனவே பத்திரிகையாளரானார். 1939-இல் கபிலியா மலைப்பகுதிக்குச் சென்று அங்குள்ள மக்களின் வறுமையை வரிசையாகக் கட்டுரைகளில் எழுதினார். அவற்றில் ஒன்று கல்வியைப் பற்றியது. பள்ளி வேண்டும் என்று மக்கள் கேட்கிறார்கள். பள்ளிகளோ மிகச் சில. பெரும்பாலான பிள்ளைகளுக்கு இடமே இல்லை என்பதை அவர் எடுத்துக் காட்டினார். இதை நாம் மறக்கலாகாது. காம்யு ஏழை, ஆயினும் பிரெஞ்சுக்காரர். போரில் இறந்தவரின் மகன் என்பதால் அரசின் ஆதரவும் பெற்றவர். அதே நாட்டில் பிறந்த அராபிய, கபிலியச் சிறுவர் பலருக்குப் படியேறி வர ஒரு ஜெர்மேன் இல்லை. அவரைச் சந்திக்க ஒரு வகுப்பறைகூட இல்லை.

பிறகு நடந்தவை உலகம் அறிந்தவை. 1942-இல் ‘அந்நியன்’, 1947-இல் ‘கொள்ளை நோய்’ வெளிவந்தன. இடையே, செருமானியர் பிரான்சைப் பிடித்திருந்த காலத்தில், மறைவாக நடந்த எதிர்ப்புப் பத்திரிகையில் எழுதினார். 1957 அக்டோபரில் இலக்கியத்திற்கான நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 43.

வாழ்த்துகளின் ஆரவாரம் சற்று அடங்கட்டும் என்று காத்திருந்து, நவம்பர் 19-ஆம் நாள் காம்யு தம் தொடக்கப் பள்ளி ஆசிரியருக்குக் கடிதம் எழுதினார். மிகச் சிறிய கடிதம். செய்தி வந்ததும் முதலில் தாயை நினைத்ததாகவும், அடுத்து அவரை நினைத்ததாகவும் அதில் தெரிவித்தார். ஏழைச் சிறுவனாய் இருந்த தமக்கு அவர் கை கொடுத்திராவிட்டால் இவற்றில் எதுவும் நிகழ்ந்திராது என்பதையும் எழுதினார். பரிசு பெற்றபோது ஆற்றிய உரை நூலாக வந்தபோது, அதையும் ஜெர்மேனுக்கே உரிமையாக்கினார்.

1959 ஏப்ரலில் ஜெர்மேன் எழுதிய நீண்ட மறுமொழியும் இன்று கிடைக்கிறது. அதில் ஒரு செய்தி என்னை மிகவும் கவர்ந்தது. தம் மாணவன் அவ்வளவு ஏழை என்பதை வகுப்பில் அவர் அறியவே இல்லையாம். உதவித்தொகைத் தேர்வுப் பட்டியல் தொடர்பாகத் தாய் வந்து கண்டபோதுதான் சிறிது புலப்பட்டதாம். அதுவரை வகுப்பில் இருப்பதே மகிழ்ச்சி என்று முகம் மலர்ந்திருந்த சிறுவனைத்தான் அவர் கண்டார். அவர் இரக்கப்பட்டு அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை. அவன் ஆர்வத்தைக் கண்டு தேர்ந்தெடுத்தார். இரக்கம் பிறகு வந்தது. இந்த வரிசை முக்கியமானது. இரக்கத்தை மட்டும் பெறும் மாணவன் கூனிக் குறுகுகிறான். மதிப்பையும் பெறுபவன் நிமிர்கிறான்.

1960-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள், பாரிசுக்குத் திரும்பும் வழியில், வில்பிளவேன் என்னும் ஊரருகே நேர்ந்த மோட்டார் விபத்தில் காம்யு இறந்தார். வயது 46. அவர் பையில் முற்றுப்பெறாத ‘முதல் மனிதன்’ கையெழுத்துப் படி இருந்தது. படிக்கத் தெரியாத தாய்க்கே அதைக் காணிக்கையாக்க எண்ணியிருந்தார். அந்தத் தாயும் அவ்வாண்டிலேயே மறைந்தாள். மாணவருக்குப் பின்னும் ஆசிரியர் உயிரோடிருந்தார். 1994-இல் காம்யுவின் மகள் நூலை வெளியிட்டபோது, ஆசிரியரும் மாணவரும் எழுதிய இவ்விரு கடிதங்களும் அதன் இறுதியில் இடம்பெற்றன.

ஜெர்மேன் செய்தவை யாவை? மாலை நேரங்களைத் தந்தார். ஒரு வீட்டுப் படியேறினார். வேலை முடிந்ததும் சிறுவனைத் தம்மிடமிருந்து விடுவித்தார். இவை பெருஞ்செல்வம் வேண்டும் செயல்கள் அல்ல. இப்பல்கலைக்கழகத்தை விட்டுப் போகும்போது நம்மில் சிலரேனும் ஆசிரியராவோம். பள்ளிகள் பெருக வேண்டும், உதவித்தொகை பெருக வேண்டும் என்று நாம் கேட்பது முறையே. அவை வரும் வரையிலும், வந்த பிறகும், முன்வரிசையில் அழும் ஒருவன் எதற்காக அழுகிறான் என்று அறியும் ஆள் ஒருவர் வகுப்பில் இருந்தாக வேண்டும்.

இன்னொன்றும் சொல்வேன். காம்யு கடிதம் எழுத நோபல் பரிசு தேவைப்பட்டிருக்காது. அவர் நன்றி அதற்கு முன்பே இருந்தது. நமக்கும் பரிசு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நமக்குக் கற்பித்த ஆசிரியரின் தொலைபேசி எண் நம்மிடம் இல்லாமற் போகலாம். பள்ளியின் முகவரி நம் எல்லோருக்கும் தெரியும்.